போரான் இருக்கட்டும், அந்தச் சிவப்பு மாத்திரை எது?

கேள்வி: எனக்கு வயது 54, எடை 74 கிலோ. மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகிறது. இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது என்றார்கள், எலும்பு அடர்த்தியும் கொஞ்சம் குறைவாம். சொந்தக்காரப் பெண் ஒருத்தி போரான் 3 மி.கி. மாத்திரை ஒரு பாட்டில் கொடுத்து, மூட்டுக்கும் எலும்புக்கும் இதைவிட நல்லது இல்லை என்கிறாள். வீடியோ ஒன்றில், மாத்திரைக்கு எதற்குக் காசு, ஒரு சிட்டிகை போராக்ஸைத் தண்ணீரில் கலந்து குடித்தாலே போதும், அது உப்பைவிடப் பாதுகாப்பானது என்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் என் 26 வயது மகனும் ஆண் ஹார்மோன் கூடும் என்று தினமும் 10 மி.கி. போரான் போடுகிறான். இதெல்லாம் உண்மையா, ஆபத்து உண்டா? தைராய்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில் கால்சியமும் உண்டு. வலி அதிகமானால் ஒரு சிவப்பு மாத்திரை போடுவேன், வாரத்தில் நான்கைந்து நாள் ஆகிவிடுகிறது. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3 என்று வந்தது, வேறொன்றும் இல்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

"வேறொன்றும் இல்லை" என்று முடித்திருக்கிறீர்கள் பாருங்கள், நான் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போரானைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பேசவும் போகிறேன், ஆனால் 54 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு, 1.3 என்றால் அது கடிதத்தின் கடைசி வரியில் இருக்க வேண்டிய விஷயம் இல்லை. ஆய்வகச் சீட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டிருப்பார்கள், லேசாகத்தானே கூடியிருக்கிறது என்று நீங்களும் மடித்து வைத்திருப்பீர்கள். வயதையும் பெண் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், உங்கள் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டரை ஒட்டித்தான் வருகிறது. நல்ல நிலையில் இருக்கும் இளவயதுச் சிறுநீரகத்துக்கு இது 100 அளவில் இருக்கும். 60-க்குக் கீழே இறங்கி மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு என்று பெயர் வைத்துவிடுவோம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து யாருக்கும் நோய்ப் பட்டம் கட்டக் கூடாது. அன்றைக்குத் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்திருக்கலாம், முந்தின நாள் அந்தச் சிவப்பு மாத்திரையைப் போட்டிருக்கலாம், அதுவே எண்ணை ஏற்றிவிடும். ஆனால் ஒரு வருடமாக மறுபடி பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதற்கும் போரானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடிச் சம்பந்தம் உண்டு. நாம் சாப்பிடும் போரானில் 85 முதல் 90 சதவீதம் வரை குடல் உறிஞ்சிவிடுகிறது, உள்ளே போனது எந்த உருவத்தில் இருந்தாலும் பெரும்பாலும் போரிக் அமிலமாக மாறி, அப்புறம் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. கல்லீரல் உடைத்துப்போடும் மருந்துகள் உண்டு, இது அந்த ரகம் இல்லை. வெளியே போக இதற்கு ஒரே வாசல், சிறுநீரகம். நல்ல சிறுநீரகம் இருப்பவருக்கு ஒரு நாளைக்குள் பாதி போய்விடும். வாசல் பாதி சாத்தியிருந்தால் மிச்சம் தேங்கும். 3 மி.கி. என்பது சின்ன அளவுதான், அதனால் நாளைக்கே எதுவும் ஆகிவிடாது, இதுவரை போட்டிருந்தால் பதற வேண்டாம். ஆனாலும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை அந்தப் பாட்டில் மூடியே இருக்கட்டும். உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். மீதியை நிதானமாகப் படியுங்கள்.

போரான் மண்ணிலும் செடியிலும் இருக்கும் ஒரு தாது, புதுசாக வந்த சரக்கு இல்லை. செடிகளுக்கு அது இல்லாமல் ஆகாது என்று 1923-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன் என்ற பெண் விஞ்ஞானி அவரைச் செடிகளை வைத்துக் காட்டினார். செடியின் செல் சுவரில் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிப்பது போரான்தான். அதனால் செடியிலிருந்து வரும் எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சம் போரான் நமக்குள் வந்துகொண்டே இருக்கிறது: ஆப்பிள், பேரிக்காய், திராட்சை, உலர்திராட்சை, அவகாடோ, பருப்பு, பயறு, நிலக்கடலை. பாலிலும் காபியிலும் மிகக் குறைவுதான், ஆனால் மனிதர்கள் அவற்றைக் குடிக்கிற அளவில் அமெரிக்கக் கணக்கெடுப்பில் அவைதான் பட்டியலின் மேலே வந்து நிற்கின்றன! பொதுவாகப் பெரியவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு 1 மில்லிகிராமோ அதற்குச் சற்றுக் கூடவோ கிடைத்துவிடும், காய்கனி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும், விளைந்த மண்ணைப் பொறுத்தும் மாறும்.

மனிதனுக்கு அது கட்டாயம் வேண்டுமா என்றால், அங்கேதான் இழுபறி. இரும்பு குறைந்தால் ரத்தசோகை வருகிறது, அயோடின் குறைந்தால் கழுத்து வீங்குகிறது, போரான் குறைந்தால் இந்த நோய் வரும் என்று கைகாட்ட ஒரு நோய் இதுவரை இல்லை. அதனால்தான் தினமும் இவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எந்த அமைப்பும் அளவு சொல்லவில்லை, இவ்வளவுக்கு மேல் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள், மற்றச் சத்துக்களுக்கு நேரே சதவீதம் போட்டிருப்பார்கள், போரானுக்கு நேரே ஒரு நட்சத்திரமோ கோடோதான் இருக்கும். அது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, எலும்புக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது? பெரும்பாலும் ஒரே ஓர் ஆய்விலிருந்து. 1987-ல் அமெரிக்காவில் ஃபாரஸ்ட் நீல்சனும் அவரோடு இருந்தவர்களும் மாதவிலக்கு நின்ற 12 பெண்களை ஆய்வு விடுதியிலேயே தங்கவைத்து, 119 நாள் போரான் மிகக் குறைவான சாப்பாட்டைக் கொடுத்தார்கள், அதாவது நாளைக்குக் கால் மில்லிகிராம். அப்புறம் 3 மி.கி. போரான் சேர்த்தார்கள். சிறுநீரில் வீணாகிற கால்சியமும் மெக்னீசியமும் நன்றாகக் குறைந்தன, ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜெனும் டெஸ்டோஸ்டீரோனும் ஏறின. சுவாரசியமான முடிவுதான், நான் படிக்கும்போது எனக்கும் ஒரு துள்ளல் வந்தது. ஆனால் நின்று யோசியுங்கள். பன்னிரண்டே பேர். அதுவும் நான்கு மாதம் போரானைப் பட்டினி போட்ட பிறகு கொடுத்தது. சாதாரணமாகப் பருப்பும் பழமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு அதே 3 மி.கி. அதே வேலையைச் செய்யும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது, வறண்ட நிலத்துக்கு விட்ட தண்ணீரையும் ஈர நிலத்துக்கு விட்ட தண்ணீரையும் ஒன்றாகக் கணக்குப் பண்ணுவது மாதிரி ஆகிவிடும். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த முடிவு ஒரே சீராகத் திரும்பக் கிடைக்கவும் இல்லை. முக்கியமாக, போரான் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்தது என்று காட்டிய ஆய்வு என் கண்ணில் படவில்லை. உங்களுக்கு வேண்டியது அதுதானே, சிறுநீரில் கால்சியம் எவ்வளவு போகிறது என்ற எண்ணா வேண்டும்?

மூட்டு வலிக்கான கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1990-ல் ஆஸ்திரேலியாவில் தேய்மானம் உள்ள 20 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு 6 மி.கி. போரானும் மறுபாதிக்கு டம்மி மாத்திரையும் 8 வாரம் கொடுத்தார்கள். போரான் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வலி குறைந்தது, டம்மி சாப்பிட்டவர்களில் 10 சதவீதத்துக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பத்துப் பேரில் ஐந்து, பத்துப் பேரில் ஒன்று என்ற கணக்கில், இரண்டு பேர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் முடிவே மாறிவிடும், அதிலும் சிலர் நடுவிலேயே விலகிவிட்டார்கள். கால்சியம் ஃப்ரக்டோபோரேட் என்று இன்னொரு வகை விற்கிறார்கள், அதைக் கொடுத்து இரண்டு வாரத்தில் முழங்கால் வலி குறைந்ததாகச் சில சின்ன ஆய்வுகள் உண்டு. இரண்டு வாரம்! தேய்மானம் இருபது வருடம் கூட வரும் சங்கதி. மண்ணில் போரான் குறைந்த ஊர்களில் மூட்டு நோய் அதிகம், கூடுதலான ஊர்களில் குறைவு என்று ஒரு வாதமும் சுற்றுகிறது. ஊருக்கு ஊர் வயது வேறு, எடை வேறு, செய்யும் வேலை வேறு, நோயைக் கண்டுபிடிக்கும் வசதியே வேறு, இதையெல்லாம் விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

ஆகவே போரான் பொய்யா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். ஏதோ வேலை செய்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு, எவ்வளவு, யாருக்கு என்பதற்குத்தான் போதிய ஆதாரம் இல்லை. சிறுநீரகம் நன்றாக இருந்து, வேறு பிரச்சினை இல்லாத ஒருவர், மூன்று மாதம் 3 மி.கி. போட்டுப் பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் நிறுத்திவிடுகிறேன் என்று வந்தால் நான் தடுப்பதில்லை. அந்த அளவில் பெரிதாகக் கெடுதல் பதிவானதும் இல்லை.

மேல் வரம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் மகனுக்கும் தேவைப்படும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு உச்சவரம்பு நாளைக்கு 20 மி.கி. என்று 2001-ல் வைத்தார்கள். ஐரோப்பாவில் 2004-ல் அதை 10 மி.கி. என்று வைத்தார்கள். ஏன் இப்படி இரட்டிப்பு வித்தியாசம் என்று குழம்ப வேண்டாம், இரண்டு பேரும் பார்த்தது ஒரே எலிக் கணக்கைத்தான். கர்ப்பமான எலிகளுக்குப் போரிக் அமிலம் கொடுத்தபோது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 9.6 மி.கி. போரான் வரை குட்டிகளுக்குக் கெடுதல் தெரியவில்லை, அதற்கு மேல் போனால் குட்டிகளின் எடை குறைந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு வரும்போது பாதுகாப்புக்காக அந்த எண்ணை வகுப்பார்கள்; அமெரிக்கர்கள் 30-ஆல் வகுத்தார்கள், ஐரோப்பியர்கள் 60-ஆல். அவ்வளவுதான். இந்த வரம்பு சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து. சிறு பிள்ளைகளுக்கு இது மிகவும் குறைவு, 1 முதல் 3 வயதுக்கு அமெரிக்க வரம்பு 3 மி.கி.தான், அதாவது உங்கள் பாட்டிலில் உள்ள ஒரே ஒரு மாத்திரை. வீட்டுக்குச் சின்னக் குழந்தைகள் வந்துபோகும் என்றால் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இப்போது அந்த வீடியோ. இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது, கொஞ்சம் காட்டமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போராக்ஸ் என்றால் வெங்காரம். துணி துவைக்க, நகை பற்றவைக்க, பூச்சி கொல்லப் பயன்படுவது. அதன் எடையில் சுமார் 11 சதவீதம் போரான். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம் வரும், சிட்டிகை என்று அவர்கள் சொல்வதை எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன் என்று தாராளமாகக் குறைத்து எடுத்துக்கொண்டாலும் அரை கிராம். அரை கிராம் போராக்ஸில் 55 மில்லிகிராமுக்கு மேல் போரான் இருக்கிறது. உங்கள் மாத்திரை 3. அமெரிக்க வரம்பு 20, ஐரோப்பிய வரம்பு 10. ஒரு சிட்டிகையில் இத்தனையும் தாண்டியாயிற்று, அதுவும் ஒருவர் விரலில் அள்ளும் சிட்டிகையும் இன்னொருவர் அள்ளும் சிட்டிகையும் ஒன்றா? மாத்திரைக்கும் சிட்டிகைக்கும் பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிர அளவில் கிட்டத்தில்கூட வராது.

உப்பைவிடப் பாதுகாப்பானது என்ற வசனம் எங்கிருந்து வந்தது தெரியுமா? எலிகளில் பாதியைக் கொல்ல ஒரே தடவையில் எவ்வளவு வேண்டும் என்று ஒரு பழைய அளவுகோல் உண்டு. அதில் போராக்ஸும் சாப்பாட்டு உப்பும் பக்கத்துப் பக்கத்தில் வரும், அது உண்மை. ஆனால் அந்த அளவுகோல் சொல்வது ஒரே நாளில் செத்துப்போவதைப் பற்றி மட்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் விந்தணுவுக்கு, கருவுக்கு, சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று அது ஒரு வார்த்தை சொல்லாது. எலியிலும் நாயிலும் அதிக அளவு கொடுத்துப் பார்த்தபோது விரைகள் சுருங்கின, அதை வைத்துத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் போரிக் அமிலத்தையும் போராக்ஸையும் இனப்பெருக்கத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியவை என்ற வகையில் வைத்திருக்கிறார்கள்.

மனிதர்கள் போராக்ஸைச் சாப்பிட்டுப் பார்த்ததும் உண்டு. ஒரு காலத்தில் இறைச்சியும் வெண்ணெயும் கெடாமலிருக்க அதைக் கலந்து விற்றார்கள். 1902-ல் அமெரிக்க வேளாண் துறையில் ஹார்வி வைலி என்ற வேதியியலாளர் திடகாத்திரமான 12 இளைஞர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார், அந்தச் சாப்பாட்டில் அவர் முதன்முதலில் கலந்தது போராக்ஸ். பசி போயிற்று, வயிற்று வலி, தலைவலி, வேலை செய்ய முடியாத சோர்வு. பத்திரிகைகள் அவர்களுக்கு விஷப் படை என்று பெயரே வைத்தன. இன்றைக்குப் பல நாடுகளில் உணவில் போராக்ஸ் கலக்கத் தடை இருக்கிறது என்றால் அந்தக் கதைக்கும் அதில் பங்கு உண்டு. நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயத்தை ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து ரகசிய வைத்தியம் என்கிறார்.

அளவு மிஞ்சினால் முதலில் குமட்டல், வாந்தி, பேதி, அதில் நீலமும் பச்சையும் கலந்த நிறம்கூட இருக்கலாம். அப்புறம் தோல் வெந்தது மாதிரி சிவந்து சில நாளில் உரியும். இன்னும் மோசமானால் வலிப்பு, சிறுநீரகம் செயலிழப்பது. பெரியவர்களுக்கு 15 முதல் 20 கிராம் போரிக் அமிலம் உயிரை எடுக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன, குழந்தைகளுக்கு 3 முதல் 6 கிராமே போதும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறுவதால் அதற்குக் கீழே எல்லாம் பத்திரம் என்று யாரும் எண்ண வேண்டாம். குழந்தை அழாமலிருக்கச் சூப்பானில் தேனும் போராக்ஸும் கலந்து தடவிக் கொடுத்து, வாரக்கணக்கில் அது உள்ளே போய், வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் இருக்கின்றன. கரப்பான் பூச்சிக்குப் போடும் போரிக் பவுடரும் இதே குடும்பம்தான். பெண்ணுறுப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்றுக்கு 600 மி.கி. போரிக் அமிலக் குளிகை உள்ளே வைக்கக் கொடுப்பதுண்டு. கேப்சூல் மாதிரியே இருக்கும் என்பதால் யாராவது மறந்து விழுங்கினால் ஒன்றில் 100 மி.கி.க்கு மேல் போரான், ஆகவே அதை மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடவே கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

இதுவரை நீங்கள் போராக்ஸ் குடிக்கவில்லை என்றுதான் கடிதத்திலிருந்து புரிகிறது. குடித்திருந்தால் மறைக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

அடுத்தது தம்பி. அவரிடம் இந்தப் பத்தியை மட்டும் காட்டினாலும் போதும். 10 மி.கி. போரானால் டெஸ்டோஸ்டீரோன் ஏறுகிறது என்று ஜிம்மில் சொல்வதற்கு ஆதாரமாகக் காட்டுவது 2011-ல் வந்த ஓர் ஆய்வு. எட்டு ஆண்கள், ஒரே வாரம். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் டெஸ்டோஸ்டீரோன் கூடியது, ஈஸ்ட்ரோஜென் குறைந்தது, சரி. ஆனால் உடற்பயிற்சி செய்பவர்களையே வைத்து, டம்மி மாத்திரையோடு ஒப்பிட்டு, ஏழு வாரம் செய்த ஆய்வு அதற்கு முன்னாலேயே 1993-ல் வந்துவிட்டது: 19 பாடிபில்டர்கள், நாளைக்கு 2.5 மி.கி. போரான். போரான் போட்டவர்களுக்கும் தசை கூடியது, டம்மி போட்டவர்களுக்கும் தசை கூடியது, ஹார்மோனும் அப்படியே. பாரம் தூக்கியதால் வந்த பலன் அது. அளவு குறைவு என்று அவர் வாதாடலாம், நியாயம்தான், ஆனால் எட்டுப் பேரின் ஒரு வாரத்தை நம்பி மாதக்கணக்கில் ஐரோப்பிய உச்சவரம்பிலேயே நிற்பதும், அதற்கு மேல் சாப்பாட்டிலிருந்து வருவது வேறு சேர்வதும் எதற்கு? அவர் குடிக்கும் மற்ற ஜிம் பவுடர்களிலும் போரான் இருக்கிறதா என்று லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள், பூஸ்டர் என்று பெயர் வைத்த பலவற்றில் அதையும் சேர்த்திருப்பார்கள், கூட்டிப் பார்த்தால் எங்கேயோ போய் நிற்கும். துருக்கியில் போரான் ஆலைகளில் வேலை செய்யும் ஆண்களைப் பரிசோதித்தபோது விந்தணுவில் பாதிப்புத் தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அதனால் ஆண்மை போய்விடும் என்று அவரைப் பயமுறுத்த வேண்டாம். வீண் செலவு என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையாகவே சோர்வு, ஆர்வக் குறைவு என்று ஏதாவது இருந்தால் காலை நேரத்தில் ரத்தம் கொடுத்து டெஸ்டோஸ்டீரோனை அளந்து பார்க்கட்டும், தூக்கம் எத்தனை மணி நேரம் என்றும் நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். போரான் ஈஸ்ட்ரோஜெனை ஏற்றலாம் என்று பார்த்தோம் இல்லையா, அதனால் மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே வளர்வது) மாதிரி ஹார்மோனோடு வளரும் நோய் எதுவும் உங்களுக்கு இருந்திருந்தால், சிறுநீரகம் நன்றாகவே இருந்தாலும் போரான் மாத்திரை பக்கம் போக வேண்டாம். நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்லிவைக்கிறேன். உங்கள் தைராய்டு மாத்திரையோடோ ரத்த அழுத்த மாத்திரையோடோ போரான் மோதும் என்று சொல்ல எதுவும் இல்லை.

மோதுவது வேறு ஒன்று. காலையில் கால்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள், தைராய்டு மாத்திரையும் காலையில்தானே? இரண்டையும் ஒட்டிப் போட்டால் கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேராது. நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு மாற்றிவிடுங்கள். இத்தனை நாள் சேர்த்துப் போட்டிருந்தால் தைராய்டு எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கால்சியம் எவ்வளவு போடலாம் என்பதைக்கூடச் சிறுநீரகப் பரிசோதனை வந்த பிறகு உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள், வைட்டமின் டி அளவையும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லலாம்.

முழங்காலுக்கு நான் முதலில் சொல்வது தொடைத் தசை. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது, இதை வாரத்தில் மூன்று நாலு நாள், மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் நல்லது. அலுப்பான வைத்தியம்தான், பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளுக்கு முன் போரானின் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் எல்லாம் நிற்க மாட்டார்கள். எடையில் நான்கைந்து கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் குறைந்த எடையைப் போல நான்கு மடங்கு குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். எலும்புக்கும் இதே பாரம் தூக்கும் பயிற்சி உதவும். போரானைப் பழத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றினால், 2022-ல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது: மாதவிலக்கு நின்ற 235 பெண்கள், தினமும் 50 கிராம் உலர்ந்த பிளம்ஸ் பழம், ஒரு வருடத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி குறையாமல் நின்றது. பிளம்ஸில் போரான் அதிகம்தான், ஆனால் வேறு பல சத்துக்களும் உண்டு, பெருமையை யாருக்குக் கொடுப்பது என்று அந்தப் பழத்துக்கே தெரியாது. ஒரு எச்சரிக்கை, உலர்ந்த பழங்களில் பொட்டாசியமும் அதிகம், சிறுநீரகம் உண்மையிலேயே மந்தமாக இருந்தால் அதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும். பரிசோதனை வரட்டும்.

கடைசியாக அந்தச் சிவப்பு மாத்திரை. வாரத்தில் நான்கைந்து நாள் என்கிறீர்கள். அது டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மருந்தாக இருந்தால், உங்கள் கடிதத்தில் இருக்கும் பொருள்களிலேயே எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். போரான் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ரத்த அழுத்தத்துக்கு நீங்கள் சாப்பிடுவது ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற வகையாக இருந்து, கூடவே சிறுநீர் பிரியும் மாத்திரையும் இருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை ஒரேயடியாக அமுக்கும், மருத்துவர்கள் பயப்படும் கூட்டணி அது. ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை வலிக்குப் பாராசிட்டமால் போடலாம், மேலே தடவும் ஜெல் வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தடவினால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு என்றாலும் உங்கள் எண்ணைப் பார்த்துவிட்டு அவர் சொல்வதே சரி.

இந்த வாரமே கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் போகிறதா என்று மூன்றையும் பாருங்கள். பரிசோதனைக்கு முந்தின இரண்டு மூன்று நாள் சிவப்பு மாத்திரை வேண்டாம், தண்ணீர் வழக்கம்போலக் குடியுங்கள். முடிவோடு எனக்கு மறுபடி எழுதும்போது அந்த மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரை ஒரு தாளில் அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள், நிறத்தை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியாது.